ஒருக்காக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்

மனிதரில் 'கேட்டுப்போட்டுச் சொல்லுறன்' என்றொரு வகை உண்டு. உலகமெங்கும் பரவிக் கிடந்தாலும் எங்கள் தீவுப்பகுதியில்தான் இந்த வகை கொழுத்து வளர்கிறது என்பது என் கட்சி. கேட்பதற்கு ஆள் வேண்டுமல்லவா? இங்கே ஒரு குடும்பத்தில் இரண்டு பேர் ஊரில் இருந்தால் ஒன்பது பேர் கனடாவிலும் நோர்வேயிலும் சுவிசிலும் இருக்கிறார்கள். ஒன்பது பேருக்கும் வாய் இருக்கிறது. ஒன்பது பேரிடமும் போன் இருக்கிறது.

இவரைக் கண்டுபிடிப்பது எப்படி? துணிக்கடையில் ஒரு சேர்ட்டைக் கையில் தூக்கிப் பிடித்தபடி வீடியோவில் கதைத்துக்கொண்டு நிற்பவர் இவர்தான். பந்தியில் பாயாச வாளியோடு வந்தவன் "விடட்டோ?" என்று கேட்டால் பெண்கள் பந்தியில் இருக்கும் மனைவியின் முகத்தைத் தேடுவார். டொக்டர் குளிசை எழுதிக் கொடுத்தால் அதைப் படமெடுத்து லண்டனுக்கு அனுப்பி, அங்கே மருந்துக்கடையில் கல்லாவில் நிற்கும் பெறாமகள் "ஓம் சித்தப்பா, போடலாம்" என்று சொன்ன பிறகுதான் விழுங்குவார். அதற்குள் காய்ச்சல் அலுத்துப்போய்த் தானாகவே விட்டிருக்கும். கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறியும் அல்ல. ஒரு நாளைக்கு இருபது பேரிடம் கேட்பது லேசான வேலையா?

எங்கள் சரவணை ஊர்த் தியாகலிங்கத்தாரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒஸ்லோவில் இருக்கும் அவருடைய மகன் நிமலன் நாலு வருடத்துக்கு முன் வளவுக்குள் ஒரு நீச்சல் தடாகம் கட்டுவித்தான். சிரிக்காதீர்கள். எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் வருகிற ஊரில் எதற்குத் தடாகம் என்று நானும் கேட்டேன். கடலில் இறங்கினால் பேரப்பிள்ளைகளின் காலில் பாசி ஒட்டுகிறதாம். ஆகவே வருடத்தில் மூன்று கிழமை பேரப்பிள்ளைகள் நீந்துவார்கள், மிச்ச நாளெல்லாம் தவளைகள் நீந்தும்.

போன ஐப்பசியில் அவருடைய மனைவி யோகம்மாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. தேகப்பயிற்சி கொடுக்க வந்த அன்ரனிட்டா கெட்டிக்காரப் பிள்ளை, தடாகத்தைக் கண்டதும் துள்ளினாள்.

"அன்ரி, இளஞ்சூட்டுத் தண்ணிக்குள்ள இடுப்பளவுக்கு நிண்டு ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் காலை மடக்குங்கோ. ஆறு கிழமை. இல்லாட்டி முழங்கால் இறுகிப்போகும்."

யோகம்மா உடனே நாட்களை எண்ணினார். தை மாதக் கடைசியில் நயினாதீவில் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம். குறிகட்டுவான் இறங்குதுறையில், ஆடுகிற படகுக்குள் காலை மடக்கி எடுத்து வைத்தால்தான் நயினாதீவு. மடங்காவிட்டால் வீடு.

"நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அதுக்காக என்னை நாலு பேர் தூக்கிப் படகில வைக்கிற கதை வேண்டாம். நான் என்ர காலால ஏறுவன்" என்றார் யோகம்மா.

ஆனால் கார்த்திகை மழையும் வாடைக்காற்றும் தடாகத் தண்ணீரை விட்டுவைக்குமா? கால் வைத்ததும் யோகம்மாவுக்குப் பல் கிட்டியது. தண்ணீரைச் சூடாக்க ஹீற் பம்ப் வேண்டும். ஏசியின் வெளிப்பெட்டி போல ஒன்று. காற்றில் இருக்கும் சூட்டைப் பிடித்துத் தண்ணீருக்குள் விடும். யாழ்ப்பாணத்திலிருந்து நிருபன் என்ற பொடியன் வந்து நீளம், அகலம், ஆழம் எல்லாம் அளந்தான்.

"ஐயா, உங்களுக்கு இந்தச் சின்ன மெஷினே காணும். வீட்டுக் கரண்டில ஓடும். உப்புத்தண்ணி அரிக்காத குழாய். மேலால ஒரு விரிப்பு மூடிவிட்டால் சூடு போகாது. சொன்னீங்களெண்டால் நாளையிண்டைக்குப் பூட்டலாம்."

நீங்களோ நானோ என்றால் "சரி தம்பி" என்றிருப்போம். தியாகலிங்கத்தார் தொண்டையைச் செருமினார்.

"ஒருக்காக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்."

கேட்டார். எல்லோரையும் கேட்டார். ஒருவரை விட்டாலும், அவர் அடுத்த தடவை ஊருக்கு வரும்போது "எங்களிட்ட ஒரு சொல்லுக் கேட்டியளோ?" என்று தேத்தண்ணீரைத் தொடாமல் எழும்பிப் போய்விடுவார் அல்லவா? ரொறொன்ரோ மச்சான், மைனஸ் இருபத்தைந்திலும் ஓடுகிற மெஷினாகப் பார்க்கச் சொன்னார். சுவிஸ் சகலன், சத்தம் கூடினால் அயலவர் பொலிசைக் கூப்பிடுவார்கள் என்று எச்சரித்தார். கோயில் ஒலிபெருக்கி விடிய ஐந்து மணிக்கே அலறுகிற ஊரில்! நிமலன் மட்டும் குறைந்தவனா? "அப்பா, ஐஸ் பிடிச்சால் தானே உருக்கிற மொடலாப் பாத்து எடுங்கோ." அவ்வளவையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு தியாகலிங்கத்தார் நிருபனைத் திரும்பக் கூப்பிட்டார்.

"தம்பி, உம்முடைய மெஷின் ஐஸ் பிடிச்சால் என்ன செய்யும்?"

நிருபன் வானத்தைப் பார்த்தான். பிறகு பனைகளைப் பார்த்தான்.

"ஐயா, சரவணையில ஐஸ் பிடிக்கிறது ஐஸ்பழக்காரன்ர பெட்டிக்குள்ள மட்டுந்தான்."

"அது சரி. எண்டாலும் உலகம் போற போக்கில ஒண்டும் சொல்லேலாது. ஒருக்காக் கேட்டுப்போட்டு..."

இப்படியே கார்த்திகை போய் மார்கழியும் வந்துவிட்டது. கொப்பியில் பதினொரு பக்கம் நிரம்பியது. அன்ரனிட்டா முழங்காலை அளந்து பார்த்து உதட்டைக் கடித்தாள். "அன்ரி, அறுபது பாகைதான் மடங்குது. போன கிழமையும் அறுபதுதான்." அன்றைக்கு யோகம்மா கட்டிலில் இருந்து அழுதுவிட்டார். நோவினால் அல்ல, ஆத்திரத்தினால். எனக்கும் கேட்கப் பொறுக்கவில்லை.

அழுது முடித்துத் தடியை ஊன்றிக்கொண்டு விறாந்தைக்கு வந்தார்.

"இஞ்சருங்கோ, இந்த முழங்கால் ஆருடையது?"

"இதென்ன கேள்வி? உம்முடையதுதான்."

"அப்ப ஏன் ரொறொன்ரோவைக் கேக்கிறியள்?"

"கோவியாதையும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சூமில வருகினம். ஒரு முடிவுக்கு வந்திடுவம்."

யோகம்மா அவருடைய கையிலிருந்த போனை வாங்கினார். "நிருபன் தம்பியோ? அந்தச் சின்னதைக் கொண்டு வாரும். ஓம், நாளைக்கே. இல்லை மோனை, ஆரையும் கேக்கத் தேவையில்லை." பதினைந்து செக்கன் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேரும் திரையில் வரிசையாகத் தோன்றியபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யோகம்மா இளஞ்சூட்டுத் தண்ணீருக்குள் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணிக் காலை மடக்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? "நாங்கள் அப்பவே இதைத்தானே சொன்னனாங்கள்!"

கலியாணத்தன்று குறிகட்டுவான் இறங்குதுறையில் யோகம்மா தடியைக் கரையிலேயே சாத்திவிட்டு, பட்டுச்சேலையைச் சற்றுத் தூக்கி, முழங்காலை மடக்கிப் படகுக்குள் வைத்தார். கூட வந்த அன்ரனிட்டா கைதட்டினாள். ஏறி இருந்து யோகம்மா திரும்பிப் பார்த்தால், புருஷன் இன்னும் கரையில் நின்று டிக்கட் கொடுப்பவனோடு கதைக்கிறார்.

"தம்பி, முன்னுக்கு இருக்கிறதோ பின்னுக்கு இருக்கிறதோ நல்லம்?"

படகு அதற்கெல்லாம் நிற்குமா? அவர் அடுத்த படகில்தான் போய்ச் சேர்ந்தார். தாலி கட்டி முடிந்து, பந்தியும் தொடங்கியிருந்தது.

இதை வாசிக்கும்போது உங்கள் மச்சானின் முகமோ, கந்தோரில் மேலதிகாரியின் முகமோ ஞாபகம் வந்திருக்கும். நன்றாகச் சிரியுங்கள், நான் மறிக்கவில்லை. ஆனால் "என்ன, நானும் இப்பிடியோ?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க இப்போது வாயைத் திறந்தீர்கள் பாருங்கள், அதை மூடிக்கொள்ளுங்கள். இனிக் கேட்க ஒன்றுமில்லை.