ஐந்து வரி மனுவில் மூன்று வரி

உலகம் தோன்றிய நாளாக மனிதனை இத்தனை நுட்பமாக அளந்த அரசியல் சட்டம் எங்கள் அமெரிக்காவினுடையது ஒன்றுதான். பிரதிநிதிகள் சபைக்கு இடம் ஒதுக்கும்போது அடிமைகள் ஐந்து பேரை மூன்று பேர் என்று எழுதிக்கொள்ள வேண்டும். வாக்கு மட்டும் அவர்களுக்குக் கிடையாது. அந்தச் சிரமத்தை எசமானர்களே பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டார்கள்.

தலைநகர் பிலடெல்பியாவில், அந்தச் சபைக்கு வரும் மனுக்களைப் பரிசீலிக்கும் குழுவுக்கு நான் எழுத்தர். தலைவர், வர்ஜீனியா உறுப்பினர் திரு. ஹார்க்நெஸ். குழு அவர் வாடகை வீட்டில்தான் கூடும். ஒருநாள் அவருடைய அடிமை, சமையற்காரி டோர்க்கஸ், சோள ரொட்டித் தட்டோடு ஒரு காகிதத்தையும் மேசையில் வைத்தாள்.

"என்னடி இது?"

"மனுங்க எசமான். என் மவன் ஐசமை தெக்கே சவானா ஊர்க்காரருக்கு விக்காதீங்கன்னு எழுதியிருக்கு. நீங்க இந்த நாக்காலியில உக்கார எங்க தலையையும்தானே எண்ணுனாங்க? அப்ப எனக்கும் நீங்கதானே பிரதிநிதி?"

குழு ஆடிப்போய்விட்டது. 'மக்கள்' மனுக் கொடுக்கலாம் என்கிறது சட்டம். இவள் மக்களா? மூன்று மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் சட்ட மேதை திரு. ப்ரூஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தலைவரே, இவ அஞ்சுல மூணு பங்கு ஆளு. மனுவுல அஞ்சு வரி இருக்கு. மூணு வரி கேட்டுடுவோம். சட்டப்படியும் ஆச்சு, மனசாட்சிக்கும் ஆச்சு!"

மேசை அதிரத் தட்டினார்கள்.

"அப்ப நடுவுல இருக்கிறதைப் படிங்கய்யா, என் புள்ள பேச்சு அங்கதான் இருக்கு" என்றாள் டோர்க்கஸ்.

"எந்த மூணுன்னு குழுதான் முடிவு பண்ணும்" என்றார் தலைவர். "வணக்கம் சொன்ன வரி, நன்றி சொன்ன வரி, கைநாட்டு வரி. படிங்க எழுத்தரே."

தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன். குழு எழுந்து நின்று கேட்டது. தீர்மானத்தையும் நானே எழுதினேன்: 'மனு மிகுந்த பரிவுடன் செவிமடுக்கப்பட்டது. கோரிக்கை எதுவும் அதில் காணப்படவில்லை.'

"எசமான், அவனுக்கு இருபது வயசுதாங்க. எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்."

"ரொட்டி ஆறிப்போச்சு, டோர்க்கஸ். சூடு பண்ணிக் கொண்டா."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை விற்பனைப் பத்திரம் எழுதவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பின்னக் கணக்கெல்லாம் அங்கே செல்லாது என்று திரு. ப்ரூஸ்டரே விளக்கினார். அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'ஐசம். முழு ஆள், ஒன்று.'