அரிசி இல்லை என்று நினைக்கிறேன், சார்

அப்போது எனக்கு ஒரே ஒரு சோலிதான். ஒரு மோட்டார் சைக்கிளின் உடைந்த பிரேமைப் போடியில் வெல்டு வைத்து, மலை மேல் எஸ்டேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய் முதலாளியிடம் விட வேண்டும்.

ஒழுங்காக விட்டால் எஸ்டேட் ஆபீசில் எனக்கு ரைட்டர் வேலை.

எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. நான்தான். பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் வந்ததும் எனக்கு உடனே இரண்டு வேலை கிடைத்தது. மருந்து பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்வது ஒன்று. தந்தி வந்தால் யார் செத்தது என்று சொல்வது இன்னொன்று. இரண்டுக்கும் சம்பளம் கிடையாது.

முதலாளியும் அந்த முறையில்தான் யோசித்தார்.

"அது இங்கிலீஷ்காரன் வண்டி. நீ இங்கிலீஷ் படிச்சவன். சரி பண்ணிக் கொண்டா. வண்டி நல்லபடியா மலையேறி வந்துருச்சுன்னா உனக்கு வேலை."

நான் படித்தது பொருளாதாரம். 

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. ட்ரையல்ஸ் வண்டி என்பார்கள். பாறையிலும் ஓடையிலும் காலைக் கீழே ஊன்றாமல் ஏற்றி இறக்கும் போட்டிக்காகவே செய்தது. ஓட்டுகிறவர் நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். அதனால் சீட்டு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரப்பர் துண்டு, அவ்வளவுதான்.

எஞ்சினுக்கு அடியில் வளைந்து போகும் குழாய் துருப்பிடித்து இரண்டாக உடைந்திருந்தது. அதே அளவில் ஒரு குழாய் கிடைத்தால் போதும்.

போடியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், எஸ்டேட் ஜீப்பில் வந்திறங்கிய வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார்.

"சீட்டுதானே தம்பி காணாமப் போச்சு?"

"சீட்டு வேண்டாம்ணே. கீழ்க்குழாய் வேணும்."

"மொதல்ல சீட்டைப் போடு. உக்கார எடமில்லாத வண்டிக்குக் குழாய் எதுக்கு?"

தேனிக்குப் போனேன். வண்டி எப்படியிருக்கும் என்று சொன்னதும் அங்கேயும் சீட்டைத்தான் எடுத்துக் காட்டினார்கள். மதுரைக்குப் போனேன். பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர்தான் நான் கொண்டுபோன உடைந்த துண்டைக் கையில் வாங்கி அளந்து பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்த சைஸு இந்த ஜில்லாவுலயே கெடைக்காது தம்பி" என்றார். "நல்ல சீட்டு ஒண்ணு கெடக்கு, எடுத்துட்டுப் போறியா?"

கடைசியில் குழாய் போடியிலேயே கிடைத்தது. சவுண்டு சர்வீஸ்காரரின் பழைய மைக் ஸ்டாண்டு! அளவு கச்சிதம்.

"எத்தனை கட்சிக்காரன் புடிச்சுத் தொங்கின கம்பி தெரியுமா? ஒருத்தனாலயும் வளைக்க முடியல" என்று பெருமையாகக் கொடுத்தார்.

எனக்கு அதை வளைத்தாக வேண்டும்.

வெல்டிங் பட்டறை முத்தையா அண்ணன் தைரியம் சொன்னார். ஜீப்புகளுக்குப் பாடி கட்டுகிறவர். அவர் பட்டறையில் ஒரு தகரத்தைக் கொடுத்தால் ஜீப்பாகத்தான் திரும்பி வரும் என்று பேச்சு.

"சும்மா வளைச்சா நசுங்கிரும் அப்பு. உள்ள ஆத்து மணலைக் கெட்டியா அடைச்சு, ரெண்டு வாயையும் மூடி, சுட வச்சு வளைக்கணும்."

அப்படியே செய்தார். அழகாக வளைந்தது. நான் செயினுக்கு ஒரு லிங்க் வாங்கிவரக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் குழாய் வண்டியில் ஏறி, வெல்டும் ஆகியிருந்தது.

"அண்ணே, உள்ள இருந்த மணலைக் கொட்டிட்டீகளா?"

"கொட்டாம? என்ன கேள்வி இது? பி.ஏ. படிச்சா இப்படியெல்லாம் கேக்கச் சொல்றாங்களா?"

கையில் எரிகிற வெல்டிங் டார்ச்சு வைத்திருந்தார். இரண்டாம் முறை கேட்கவில்லை.

மலையேறினேன். நின்றுகொண்டேதான். எதிரே வந்த பஸ்சில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் தலையை நீட்டி, "தம்பி, சீட்டு விழுந்துருச்சு!" என்று கத்தினார்கள்.

முதல் கொண்டை ஊசி வளைவு. வண்டி இடது பக்கம் சாய்ந்தது. கீழே ஏதோ சர்ரென்று ஓடியது. அடுத்த வளைவு. வலது பக்கம் சர்ர்.

நிறுத்தினேன். எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை ஆட்டினேன். சர்ர்... சர்ர்...

திரும்பிப் போனால் முத்தையா அண்ணன். மேலே போனால் முதலாளி. சத்தம் வந்தால் என்ன, வண்டி ஓடுகிறதே என்று மேலேயே போனேன்.

நடுவில் செக்போஸ்ட் ஒன்று இருந்ததை மறந்துவிட்டேன்.

அப்போது இங்கிருந்து கேரளாவுக்கு அரிசி கொண்டு போகத் தடை. மலைக்கு அந்தப் பக்கம் நல்ல விலை. அதனால் ஸ்டெப்னி டயர், பால் கேன், படுக்கை என்று அரிசி போகாத வழியில்லை. செக்போஸ்ட்டை நடந்து கடக்கும் பெண்களில் பாதிப்பேர் எப்போது பார்த்தாலும் நிறைமாசமாக இருப்பார்கள். அன்றைக்கு வரிசையில் நின்ற ஒரு கர்ப்பிணிக்கு அறுபது வயதிருக்கும்.

ஆபீசர் கையைக் காட்டினார்.

"ஏன்டா நின்னுக்கிட்டே வர்றே?"

"சீட்டு இல்ல சார்."

"எங்கே?"

"செய்யும்போதே வைக்கல சார்."

"சீட்டு வைக்காம எவன்டா வண்டி செய்வான்?"

வண்டியைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். சர்ர்ர்.

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! மறுபடி உலுக்கினார். மறுபடி சர்ர்ர்.

"உள்ள என்ன?"

மணல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கொட்டிவிட்டேன் என்று முத்தையா அண்ணன் சொல்லியிருக்கிறார். நானும் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்காததை அரசாங்க அதிகாரியிடம் எப்படி உறுதியாகச் சொல்வது?

"மணலா இருக்கலாம் சார். ஆனா அதைக் கொட்டியாச்சுன்னு சொன்னாங்க."

"கொட்டின மணலு எப்படிடா சத்தம் போடும்? அரிசிதானே?"

"அரிசி இல்லேன்னு நினைக்கிறேன் சார்."

"நினைக்கிறியா!"

விசில் ஊதினார். உள்ளேயிருந்த அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். சமையல்காரர் கரண்டியோடு வந்தார். ஆளுக்கு ஒரு முறை உலுக்கினார்கள். ஒருவர் குழாயில் காதை வைத்து, "பச்சரிசி சார்" என்றார். இன்னொருவர், "இல்ல, புழுங்கல்" என்றார்.

அந்த அறுபது வயதுக் கர்ப்பிணி எட்டிப் பார்த்தார்.

"நல்லா ஆட்டிப் பாருங்கய்யா. எனக்கே அங்கன வரைக்கும் கேட்டுச்சு!"

சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெரசா நடந்து எல்லையைக் கடந்தார். பின்னாலேயே மற்ற கர்ப்பிணிகள். அவர்களுக்குப் பின்னால் ஜீப்புகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. தடுக்க ஆளில்லை. எல்லாரும் என் வண்டிக்கு அடியில் இருந்தார்கள். எங்கள் எஸ்டேட் ஜீப்பும் போயிற்று. டிரைவர் காசி என்னைப் பார்த்தான். பார்க்காத மாதிரி போய்விட்டான்.

"பிளேடு கொண்டாங்கடா, அறுத்துருவோம்" என்றார் ஆபீசர்.

"சார், இன்னைக்குத்தான் சார் வெல்டு வச்சது! இதுல என் வேலையே இருக்கு சார்!"

"உள்ள வேலை வேற இருக்கா? அறுங்கடா!"

கர்ர் கர்ர் என்று பிளேடு என் வயிற்றில் ஓடியது. குழாய் விட்டது. முத்தையா அண்ணன் பாதி கொட்டி மீதி விட்டிருந்த மணல் பொலபொலவென்று ஆபீசரின் பாலிஷ் போட்ட பூட்சின் மேல் கொட்டியது. மணலுக்கு அடியில் அரிசி இருக்கும் என்று கடைசி வரை தட்டிக் கொட்டினார்கள். கடைசி வரை மணல்தான்.

ஆபீசர் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். குரலே மாறிவிட்டது.

"ஏன்டா, மலையில மண்ணு இல்லேன்னா இங்கேருந்து கொண்டு போறே?"

எஞ்சின் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். வளைவுக்கு அந்தப் பக்கம் காசி ஜீப்பை நிறுத்திக் காத்திருந்தான்.

"ஏறு மாப்ளே. நீ மனுஷன் இல்ல, சாமி!"

வண்டியைத் தூக்கிப் பின்னால் போட்டான். உட்கார இடமில்லாமல் மூட்டைகள் மேல் உட்கார்ந்தேன். மேலே உரச் சாக்கு. அதற்குக் கீழே கையை விட்டுப் பார்த்தேன். பச்சரிசி.

எஸ்டேட்டில் முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். அறுந்த பிரேமைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். காசியும் தன் பங்குக்குச் சொன்னான்.

"மணலுன்னு பட்டுன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே?"

"நான் பாக்கலேங்கய்யா."

முதலாளி ஜீப்பிலிருந்த மூட்டைகளைப் பார்த்தார்.

"சரி. நாளைக்கு அந்த ஆபீசர் இங்க வந்து, ஜீப்புல என்ன வந்துச்சுன்னு உன்னைக் கேக்கறாருன்னு வையி. என்ன சொல்லுவே?"

வேலைக்கான கேள்வி என்று எனக்குப் புரிந்தது.  அவசரப்படாமல் யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

"அரிசின்னு சொல்லுவேங்கய்யா. அதைக் கையை விட்டே பாத்துட்டேன்."

காசி தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான்.

வேலை போயிற்று என்று நினைத்தேன். வீட்டில் அய்யாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கவே தொடங்கிவிட்டேன்.

முதலாளி பெருமூச்சு விட்டார்.

"உன்னை வெளியில விட்டா எனக்குத்தான் ஆபத்து. நாளைலேருந்து இங்கேயே வேலைக்கு வந்துரு. ஒண்ணே ஒண்ணு, எஸ்டேட்டுக்கு எந்த ஆபீசர் வந்தாலும் அன்னைக்கு உனக்குச் சம்பளத்தோட லீவு."

முதல் வருஷம் நான் அதிகமாக இருந்தது வீட்டில்தான்.