ரிலீவரும் முனையில்லாத மஃப்ளரும்

உட்கார்ந்த நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு எழுந்து போகாத மனிதர் என்று இந்த உலகத்தில் ஒருவர் உண்டென்றால் அவர் எங்கள் ரிலீவர்தான். ராஜாக்கள்கூட சிம்மாசனத்தை அப்படியே போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். ரிலீவர் போகமாட்டார்.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும், நான் பார்த்ததில்லை. எழுபதுகளின் கடைசியில் நானும் என் மனைவியும் மதுரைப் பக்கத்திலிருந்து நெய்வேலி டவுன்ஷிப்புக்குக் குடிவந்தபோது, பக்கத்துக் குவார்ட்டர்ஸைக் காட்டி "அது ரிலீவர் வூடு" என்றுதான் பால்காரர் சொன்னார். சொந்த ஊர் காடாம்புலியூர். மைன்ஸில் நிலக்கரியைச் சுமந்துகொண்டு ஓடுகிற கன்வேயர் பெல்ட் பக்கத்தில் வேலை. பெல்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கோளாறு என்றால் பட்டனை அமுக்கி நிறுத்த வேண்டும். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதிவிட்டது என்பதற்காகக் கிளம்பிவிட முடியாது. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து, நிலவரம் என்ன என்று கேட்டுக்கொண்டு, இடத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்படி வருகிறவருக்குத்தான் ரிலீவர் என்று பெயர். மற்றவர்கள் இந்த விதியை மைன்ஸ் கேட்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருவார்கள். இவர் மறக்காமல் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்தாலும் எழுந்திருக்கமாட்டார். அடுத்த பந்திக்கு ஒருவர் பின்னால் வந்து நின்ற பிறகுதான் எழுவார். அதுவும் சும்மா எழுவதில்லை. "பாயசம் ரெண்டாந்தடவ கேட்டா தருவாங்க. மோரு கொஞ்சம் புளிப்பு. எடது பக்கம் இருக்கறவரு டம்ளர மாத்தி எடுத்துடுவாரு, பாத்துக்குங்க" என்று பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் கை கழுவப் போவார். சலூனில் ஒருநாள் முடிவெட்டி முடிந்தும் அடுத்த ஆள் வராததால் அப்படியே உட்கார்ந்திருந்தார். சலூன்காரர் சொல்லிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் அவரே ஏறி உட்காருவதாகச் சொன்ன பிறகுதான் இவர் இறங்கி வந்தாராம்.

என்னையும் ஒருமுறை மாட்டிவிட்டார். எங்கள் பிளாக் முனையில் தண்ணீர்க் குழாய்க்காக இரண்டு பேர் சண்டை போட, இவர் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஷிப்டுக்குப் போகிற நேரமாகிவிட்டது. அந்த வழியாகக் கறிகாய்ப் பையோடு போன என்னைக் கூப்பிட்டு, இவர் பக்கம் நியாயம் கொஞ்சம் கூடுதல், ஆனால் அவர் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். நான் அங்கே நின்றேன். அந்த இரண்டு பேரும் என்னைப் பார்த்து ஆரம்பத்திலிருந்து மறுபடி சொன்னார்கள். நான் ஏன் நின்றேன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இந்த மனுஷனுக்கு வாய்த்தவர் செங்கமலம். மேல்பட்டாம்பாக்கத்துப் பெண். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் கற்றுக்கொண்ட, ஒற்றைக் கொக்கி ஊசியால் போடுகிற குரோஷா பின்னலை விடாமல் பின்னுகிறவர். அந்த வீட்டில் ரேடியோவுக்குச் சட்டை உண்டு, கூஜாவுக்குச் சட்டை உண்டு, மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குக்கூட உண்டு. எரியும்போது மட்டும் கழற்றிவிடுவார்.

ஒரு கார்த்திகை மாதம் செங்கமலம் கணவருக்கு மஃப்ளர் பின்ன ஆரம்பித்தார். மார்கழி விடியற்காலையில் ஷிப்ட் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் மஃப்ளர் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். ஆனால் பெல்ட் பக்கத்தில் மஃப்ளர் முனை தொங்கினால் ஆபத்து. உருளையில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். அதனால் முனையே இல்லாமல் ஒரு மஃப்ளர் செய்வதென்று முடிவு கட்டினார். பெரிய வளையம். கழுத்தில் மாட்டி, ஒரு முறுக்கு முறுக்கி, இன்னொரு சுற்று மாட்டிக்கொண்டால் தொங்குவதற்கு ஒன்றும் இருக்காது. சிவப்பு உல்லன் நூல். கணவர் பலாப்பழத்துக்குப் பேர்போன காடாம்புலியூர்க்காரர் என்பதால் பலாப்பழத் தோல் மாதிரி முள் முள்ளாக வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரே கண்ணியில் நூலைப் பலமுறை இழுத்து எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால் ஒரு புடைப்பு வரும். அதுதான் முள். உள்ளங்கை அகலத்துக்கு வளையம் வளர்ந்திருந்தபோதுதான் செங்கமலத்தின் தங்கச்சி கல்யாணம் வந்தது.

கல்யாணம் மேல்பட்டாம்பாக்கத்தில். செங்கமலம் முன்னாடியே போய்விட்டார். ரிலீவர் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்து, மூத்த மருமகனாக மாப்பிள்ளையை மேடைக்கு அழைத்து வர வேண்டும். அன்றைக்குப் பார்த்து அவரை விடுவிக்க வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல். விஷயம் தெரிந்து ஃபோர்மேனே வந்து, நான் நிற்கிறேன், நீ கிளம்பு என்றார். அதற்கு இவர், நீங்கள் ஃபோர்மேன், ரிலீவர் இல்லை என்று சொல்லிவிட்டார். ஃபோர்மேன் வேறொருவரைத் தேடிப் பிடித்து அனுப்பி, இவர் அவரிடம் எல்லாம் சொல்லி, பஸ் மாறி மேல்பட்டாம்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். உன் வீட்டுக்காரர் எங்கே என்று ஊரே செங்கமலத்தைக் கேட்டு முடித்திருந்தது.

செங்கமலம் கூடவே வீட்டுக்கு வந்தார். மறுநாள் இவர் ஷிப்டில் இருந்தபோது துணிமணிகளை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். கூடத்தில் இருந்த பிரம்பு நாற்காலியில் அந்தச் சிவப்பு வளையம், குரோஷா ஊசி செருகியபடி கிடந்தது.

ஆறுதல் சொல்லலாம் என்று போனேன். ரிலீவர் தரையில் சம்மணம் போட்டு அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"சார், டூட்டிய எங்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்குது" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கோவத்துல ஒரேயடியா போறவ என்னா பண்ணுவா? நூல அறுத்து முடிச்சு போட்டுத் தூக்கிக் கடாசிட்டுப் போவா. இது பாருங்க, ஊசி கண்ணில அப்பிடியே நிக்குது. நூல அறுக்கல. ரன்னிங்ல வுட்டுட்டுப் போயிருக்குது. அப்ப திரும்பி வரும்னுதான சார் அர்த்தம்?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு ஓடியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. நேரில் போய்க் கூப்பிட்டுக்கொண்டு வாருங்கள் என்றேன். ரிலீவர் வராமல் இடத்தை விட்டு எப்படிப் போவது என்று கேட்டார். யார் அந்த ரிலீவர் என்றேன். செங்கமலம்தான் என்றார். செங்கமலம் வரவேண்டுமானால் நீங்கள் போய்க் கூப்பிட வேண்டுமே என்றேன். நான் போகவேண்டுமானால் அது வரவேண்டுமே என்றார். இப்படியே கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்ததில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. சரி, அதையும் கையில் எடுத்துக்கொண்டு போங்களேன் என்றேன். அதற்குத்தான் குரல் இறங்கியது.

"எடுத்துகினு போயி நின்னா, வாணாம்னு திருப்பிக் குடுக்க வந்துட்டான்னு நெனச்சிக்கும் சார்."

ஓடுகிற நிலையில் ஒப்படைத்ததை நிறுத்தி வைக்கவும் அவர் மனம் ஒப்பவில்லை. என் மனைவிக்குக் கொஞ்சம் குரோஷா தெரியும் என்பதால் வேலிப் பக்கம் வந்து நின்று கற்றுக்கொண்டார். அவருக்கு எல்லாம் இடது கை. செங்கமலம் ஒரு திசையில் சுற்றிப் பின்னியதை இவர் திருப்பிப் பிடித்து எதிர்த் திசையில் சுற்றினார். விளைவு, செங்கமலம் போட்ட முள் எல்லாம் வெளிப்பக்கம், இவர் போட்டது எல்லாம் உள்பக்கம். சிவப்பு நூல் தீர்ந்ததும் பண்ருட்டியில் போய்க் கேட்டார். அதே சிவப்பு கிடைக்காமல் செங்கல் நிறம் வாங்கிவந்தார். அதுவும் தீர்ந்து, பள்ளிக்கூட ஸ்வெட்டர் நீலத்தில் வந்து நின்றது.

ஷிப்ட் பஸ்ஸில் இவர் மடியில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்ததிலிருந்து பஸ்ஸே குழம்பிப் போனது. சும்மாடு என்றார் ஒருவர். பம்புக்கு உறை என்றார் இன்னொருவர். பலாப்பழத்துக்குச் சட்டை என்று பண்ருட்டிக்காரர் ஒருவர் அடித்துச் சொன்னார். சிலர், வீட்டில் விசேஷமா என்று கேட்டு வாழ்த்தே சொல்லிவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்.

"என்னான்னு எனக்கே சரியாத் தெரியாதுங்க. நான் நடுவுலதான் வந்தேன்."

மார்கழி போய், பொங்கலும் போனது. வளையம் அகலமாகிக்கொண்டே வந்தது. அளவு பார்க்கலாம் என்று ஒருநாள் அவர் கழுத்தில் மாட்டிவிட்டோம். மூக்கில் தொடங்கி வயிற்றில் முடிந்தது. பாவாடை என்று யாராவது சொல்லியிருந்தால் மறுத்திருக்க முடியாது. ஆளும் இளைத்துக்கொண்டே வந்தார். காலையில் வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி இரவுக்கும் அதையே சாப்பிடுகிறார் என்று என் மனைவி கண்டுபிடித்தாள்.

அவள் பிடுங்கல் தாங்காமல் இருவருமாக மேல்பட்டாம்பாக்கம் போனோம். செங்கமலம் முதலில் கேட்டது, அவர் சாப்பிடுகிறாரா என்றுதான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வந்து கூப்பிட்டா வரமாட்டேன்னா சொன்னேன்? இத்தினி நாளா எட்டிக்கூடப் பாக்கலியே அண்ணா" என்றார். நான் உற்சாகமாக மஃப்ளர் விஷயத்தைச் சொன்னேன். செங்கமலம் என்னைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார்.

"எந்த மஃப்ளரு?" என்றார்.

அதை விளக்குவதற்கு எனக்குத் தெம்பு இல்லை. திரும்பி வந்தபோது ரிலீவர் வாசலிலேயே நின்றிருந்தார். மஃப்ளரைப் பற்றி ஏதாவது கேட்டதா என்றார். கேட்டார் என்றேன். மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போய் விறுவிறுவென்று பின்ன ஆரம்பித்தார்.

இது இப்படியே போனால் அந்த வளையம் எங்கள் பிளாக்கையே விழுங்கிவிடும் என்று என் மனைவிக்குப் பட்டது. நேரே அவரிடம் போய், வளையத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் அவர் கிளம்பிப் போய்ச் செங்கமலத்தைக் கூட்டிவர வேண்டும் என்றும் சொன்னாள். அவர் யோசித்தார். சொல்லிக்கொடுத்தவர் ஃபோர்மேன் மாதிரி, ரிலீவர் ஆக முடியாது என்றார். உடனே என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். குரோஷா பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. அந்த ஒரு தகுதியால் நான் தேர்வானேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொறுப்பேற்றேன். "சார், உயிரோட இருக்கறது இந்த ஒரு கண்ணிதான். ஊசி இதவுட்டு நழுவி நூலு இழுபட்டா அத்தனையும் பிரிஞ்சிகினே வந்துடும். முடிஞ்சா ஒரு முள்ளு போடுங்க. இல்லாட்டி சும்மா புடிச்சிகினு இருந்தாலே போதும்" என்று சொன்னார். துவைத்து மடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் ஊசியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்த மாதிரி பரீட்சை ஹாலில்கூட உட்கார்ந்ததில்லை. மூக்கில் அரிப்பு வந்தது, சொறியவில்லை. கொசு வந்து முழங்கையில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்துவிட்டுப் போனது. என் மனைவி கொண்டுவந்த காபியை அவளே டம்ளரைப் பிடித்து வாயில் ஊற்ற வேண்டியிருந்தது. மடியில் கம்பளி, வெளியில் வெயில், உள்ளே எனக்குப் பயம். அவர் திரும்பி வருவதற்குள் இது பிரிந்துவிட்டால் அவர்கள் இரண்டு பேரும் சேரவேமாட்டார்கள் என்று எனக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. எப்படி வந்தது என்று தெரியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. செங்கமலம் பையோடு உள்ளே வந்தார். பின்னாலேயே ரிலீவர். என்னையும் என் மடியையும் பார்த்து செங்கமலம் அப்படியே நின்றுவிட்டார். நான் பேசுவதற்குள் அவரே வந்து என் கையிலிருந்து ஊசியை வாங்கி வளையத்தைத் தூக்கிப் பிடித்தார். இரண்டு கையையும் விரித்தும் எட்டவில்லை.

"என்னாங்க இது? உள்ளயும் முள்ளு, வெளியவும் முள்ளு. யாருக்கு இது?"

"எனக்குத் தெரியாது செங்கமலம். நீ நிறுத்தச் சொல்லல" என்றார் ரிலீவர்.

செங்கமலத்துக்கு அப்போதுதான் ஏதோ புரிய ஆரம்பித்திருக்க வேண்டும். சிவப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கும் அதிலிருந்து நீலத்துக்கும் விரலால் தடவிக்கொண்டே வந்தார். பிறகு நூலை எடுத்துப் பல்லில் வைத்தார்.

"அறுக்காத" என்று பதறிக்கொண்டு வந்தார் ரிலீவர்.

"நான்தான் வந்துட்டேனே. இன்னும் எதுக்கு இது ஓடணும்?"

கடித்தார். முனையைக் கடைசிக் கண்ணிக்குள் விட்டு இழுத்து இறுக்கினார். அவ்வளவுதான். ரிலீவர் கொஞ்ச நேரம் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டார், எடுத்தார். செங்கமலம் அதற்குள் சமையலறைக்குப் போய்விட்டார். இருந்த நிலைமையைப் பார்த்துப் பாத்திரங்களை உருட்ட ஆரம்பித்தார். இவர் மெல்லப் போய் நிலைப்படியில் நின்றுகொண்டு, முதுகு காட்டி நின்றவரிடம் நிலவரம் சொல்லத் தொடங்கினார்.

"பால்காரருக்குக் குடுத்தாச்சு. மண்ணெண்ண பாதி டின்னு இருக்குது. ரோசாச் செடி ஒண்ணு பட்டுப்போச்சு, மத்ததுக்கெல்லாம் தண்ணி ஊத்திகினுதான் இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்குத்தான் நீ இல்லாம ஒண்ணும் ஓடல."

பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அங்கே எனக்கு இனி வேலை இல்லை என்பது மட்டும் அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தேன். என்ன ஆயிற்று என்று வேலியோரம் காத்திருந்த என் மனைவி கேட்டாள். நம்மை எந்த ஊருக்கு மாற்றினாலும் சரி, இந்த ஆள் நமக்குப் பக்கத்து வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.