கோமாளி அழும் காட்சி

காட்சிப்படி, ஆளே இல்லாத கார்னிவலில் கோமாளி தனியாக நின்று அழ வேண்டும். அவருக்குப் பின்னால், ராட்டினத்தடியில், ஒரு குடும்பமே நின்று கேமராவுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தது.

"ஃபிரேம்ல யாருய்யா அது?" என்றார் இயக்குநர்.

உதவி இயக்குநர் அதற்குள் பாதி மைதானத்தைத் தாண்டியிருந்தான். அவனுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. ஊர் ஊராகச் சுற்றும் கார்னிவலைப் பற்றிய படம். நிஜக் கார்னிவலிலேயே எடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னவன் அவன்தான். சாயங்காலம் வரை கேட்டைத் திறப்பதில்லை என்று பேச்சு. நாளை இவர்கள் கூடாரத்தைப் பிரித்து வேறு ஊருக்குப் போகிறார்கள். இன்று காட்சி முடியவில்லை என்றால் அவனுக்கு வேலை போய்விடும். மாமனார் தன் டயர் கடையில் மாப்பிள்ளைக்காக ஒரு நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தார்.

குடும்பத்தைக் கெஞ்சிக் கூத்தாடி ஓரமாக நிறுத்தி, குறுக்கே கயிறு கட்டினான். கயிற்றைப் பார்த்ததும், ஏதோ நடக்கப்போகிறது என்று இன்னும் ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. கார்னிவல் முதலாளியிடம் ஓடினான். தங்கமான மனிதர். எப்படித்தான் வேலி ஏறிக் குதிக்கிறார்களோ என்று அவரும் சேர்ந்து வருத்தப்பட்டார். நிற்கிறவன்தான் நகருவான், உட்கார்ந்தவன் நகரமாட்டான் என்று சொல்லி, பெஞ்சுகளை வரிசையாகப் போட்டும் கொடுத்தார். பெஞ்சுகள் நிரம்பிவிட்டன.

கோமாளி அழ ஆரம்பித்தார். கூட்டம் கைதட்டியது. இயக்குநர் மைக்கைப் பிடுங்கிக் கூட்டத்தை வாங்கு வாங்கென்று வாங்கினார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். விசில் பறந்தது.

"இன்னும் ஒரே டேக்" என்றார் அவனிடம். "அதுக்கப்புறம் என் கண்ணுலயே படாதே."

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு ரப்பர் வாடையே அடிக்க ஆரம்பித்துவிட்டது. வேறு வழி தெரியாமல் பெஞ்சுகளுக்கு முன்னால் போய் நின்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"அஞ்சு நிமிஷம் சத்தம் போடாம இருங்க. என் பொழப்பே இதுலதான் இருக்கு."

சொல்லும்போதே தேம்பித் தேம்பி அழுதுவிட்டான். அவமானமாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. கூட்டம் கப்சிப். முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த அமைதியிலேயே கோமாளியும் அழுது முடித்தார். இயக்குநர் "ஓகே" சொல்லி, அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

போன உயிர் திரும்பி வந்தது. முதலாளிக்கு நன்றி சொல்ல ஓடியவனை, டிக்கெட் கிழிக்கிறவர் வழியில் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, அடுத்த ஆட்டத்துக்கும் டிக்கெட் வித்தாச்சு. நீங்க அழுதது பின்வரிசைக்குச் சரியாத் தெரியலையாம். இந்தத் தடவை கொஞ்சம் மேடாப் பாத்து நின்னு அழுங்க."