வானத்துப் பள்ளியறை

ஏழு ஐம்பதுக்கு அது மறுபடியும் தூங்கிவிட்டது.

தில்லைநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். சந்தேகமே இல்லை. கம்ப்யூட்டர் திரையில் பச்சையாக இருந்த வட்டம் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது. ஏழு பத்துக்குத்தான் பட்டனை அமுக்கி, “எந்திரிங்க, நேரமாச்சு” என்று மரியாதையாகச் சொல்லி எழுப்பிவிட்டிருந்தார்.

பாளையங்கோட்டையில் ஒரு மொபைல் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்னக் கம்பெனிக்கு அவர் மேனேஜர். தாமிரபரணிக் கால்வாய்களில் யார் வயலுக்கு எப்போது தண்ணீர் முறை என்று விவசாயிகளுக்குப் போனில் சொல்லும் ஏற்பாட்டைக் கம்பெனி வெள்ளோட்டம் விட்டிருந்தது. பதினாலாயிரம் பேருடைய வயல் விவரமும் டேட்டாபேஸில் இருந்தது. டேட்டாபேஸ் கிளவுடில், எங்கோ இருக்கும் வாடகை இயந்திரத்தில் இருந்தது. கிளவுடுக்கு ஓடுகிற மணிக்கெல்லாம் வாடகை. அதனால் ராத்திரி நிறுத்திவைத்து, காலையில் எழுப்புவார்கள்.

இன்ஜினியர் சுப்ரஜா இதை விளக்கிச் சொன்னபோது அவருக்குப் புல்லரித்துவிட்டது. நெல்லையப்பர் கோயிலில் ராத்திரி பள்ளியறைக்குப் போகிற சுவாமியை விடியற்காலையில் எழுப்புகிறார்களே, அதேதான்! பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை உள்ள வயல்களெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் படுத்துத் தூங்குகின்றன. ஒரு பட்டனைத் தொட்டால் பத்தே நிமிஷத்தில், ஒரு வரப்புகூட விட்டுப்போகாமல் எழுந்து உட்காருகின்றன. ஐம்பத்தொன்பது வயதில் இப்படி ஓர் அதிசயத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறதே என்று அன்று வீட்டில் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

“ஆபீஸ்ல பதினோரு சாவியும் என் இடுப்புலதான் கெடக்கு. இந்த ஒண்ணு மட்டும் என்கிட்ட இல்லேன்னா நான் என்னம்மா மேனேஜரு?” என்று சுப்ரஜாவிடம் கேட்டார். கேட்கும்போது குரல் உடைந்துவிட்டது. அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். சாயங்காலம் அவருடைய கம்ப்யூட்டரில் எழுப்பும் பட்டன் உள்ள பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, மறுநாள் மாமியார் வீட்டாரோடு குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போய்விட்டாள். அந்தக் கூட்டத்தில் அவள் போன் எடுப்பதாக இல்லை.

வெள்ளியும் சனியும் எழுப்பினார், கும்பிட்டார், வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். ஆனால் இன்று திங்கட்கிழமை. ஒன்பது மணிக்குப் பாசன விவசாயிகள் சங்கத் தலைவர் முத்துமாலை நேரில் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால் ஒப்பந்தம். “பிடிக்கலேன்னா தீவாளிக்கு ஆபீஸைப் பூட்டிருவோம் அண்ணாச்சி” என்று முதலாளி சிவசங்கரன் சொல்லியிருந்தார். அப்புறம் இடுப்பில் பதினோரு சாவி இருந்து என்ன செய்ய?

திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். அதற்காகத்தான் முன்கூட்டியே வந்து எழுப்பினார். யாரும் கேள்வி கேட்காவிட்டால் அரை மணி நேரத்தில் அது தானாகவே தூங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. ஒன்பது மணிக்கு மேல் எழுப்பினால், தலைவர் பத்து நிமிஷம் சாம்பல் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

அப்போது சாலோமி படியேறி வந்தாள். ஆபீஸைப் பெருக்கித் துடைத்துக் காப்பி போடுகிறவள். மூன்று வருஷத்தில் ஒருநாள்கூடப் பிந்தியதில்லை. பஸ்ஸில் வரும்போது சதா போனை நோண்டிக்கொண்டே வருகிறாள் என்பது மட்டும்தான் அவள் மேல் அவருக்கு ஒரு குறை.

“சாலோமி, ஓடி வா! உங்க கோயில்ல ராகு காலம் பாக்க மாட்டாங்கல்லா?”

“ஞாயித்துக்கெழம ராகு காலத்துல, சாயங்காலம் நாலரைக்கே எங்களுக்கு ஜெபக் கூட்டம் உண்டு அண்ணாச்சி.”

“அப்ப இந்தப் பட்டனை நீ அமுக்கு.”

சாலோமி திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். “அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன்…”

“அப்புறம் சொல்லு. கையைக் கழுவிட்டு வந்து அமுக்கு. பைய அமுக்கு. உள்ள பதினாலாயிரம் பேரு தூங்குதாங்க.”

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து அமுக்கினாள். எட்டு ஐந்துக்கு வட்டம் பச்சையானது. இனிக் கண் அசரவிடக் கூடாதே! தில்லைநாயகம் நாற்காலியை இழுத்துப் போட்டு, தெரிந்த பெயராக ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டார். கல்லிடைக்குறிச்சி இசக்கித்தாய்க்கு என்றைக்கு முறை? வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி என்றது. சேரன்மகாதேவி பேச்சிராஜுக்கு? செவ்வாய் மதியம் என்றது. எங்கிருந்து சொல்கிறது, யார் வாயால் சொல்கிறது! ஒவ்வொரு பதிலுக்கும் அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பத்து பெயருக்குள் விரல் வலித்தது.

கீழே மொபைல் கடை நாசர் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது.

“நாசரு, உம்ம கடையில ரிப்பேருக்கு வந்து சரியான போனு எத்தனை இருக்கு?”

“ஒன்பது கெடக்கு அண்ணாச்சி. எதுக்கு?”

“எல்லாத்தையும் எடுத்துட்டு மேல வாரும். ஒருத்தரு தூங்கிராமப் பாத்துக்கிடணும்.”

நாசர் விவரம் தெரிந்தவர். ஒன்பது போனையும் வரிசையாகப் பரப்பி, தில்லைநாயகத்தின் கம்ப்யூட்டரோடு இணைத்து, விநாடிக்கொரு கேள்வி தானாகப் போகும்படி செய்துவிட்டார். “இனி அதோட பாட்டனாலயும் தூங்க முடியாது” என்றார்.

தூங்கவில்லை. தூங்காதது மட்டுமல்ல, வளர்ந்தது. கேள்விகள் குவியக் குவிய, ஒரு இயந்திரம் போதாது என்று அதுவாகவே முடிவெடுத்து இரண்டாயிற்று. பிறகு நான்காயிற்று. திரையில் வட்டங்கள் பெருகுவதைப் பார்த்துத் தில்லைநாயகம் எழுந்து நின்றுவிட்டார்.

“விசுவரூபம் எடுக்குது வே!” என்றார். பயமா பரவசமா என்று அவருக்கே தெரியவில்லை.

சாலோமி காப்பித் தம்ளரை மேசையில் வைத்தாள். “அண்ணாச்சி, இதுக்காவது நான் சொல்லுததைக் கேளுங்க…”

“இரு. போன் அடிக்கு.”

சிவசங்கரன்தான். “அண்ணாச்சி, கிளவுடு வாடகை ஏறிக்கிட்டே போகுதுன்னு எனக்கு மெயில் மேல மெயிலா வருது. என்ன நடக்கு அங்கன? தலைவரோட முருகன்குறிச்சி தாண்டிட்டேன்.”

தில்லைநாயகம் போன்களைப் பிடுங்கி எடுத்தார். வட்டம் குறையவில்லை. இருக்கிற ஒரே வழி கொஞ்ச நேரம் படுக்கப் போடுவதுதான் என்று தோன்றியது. வாழ்நாளிலேயே முதல் தடவையாக, ராகு காலம் என்று தெரிந்தும், தன் கையாலேயே ஒரு பட்டனை அமுக்கினார். நான்கு வட்டமும் மஞ்சளாகிச் சுற்றத் தொடங்கின. எட்டு ஐம்பதுக்குச் சாம்பலாகி நின்றன. திரும்ப எழுப்பப் போனால், ஒரு மணி நேரம் கழித்துத்தான் முடியும் என்று எழுத்தில் பதில் வந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முதலாளி கேட்பதற்கு முன்னால் தானே கொடுத்துவிடுவது மரியாதை. அவருக்கு அழுகை வந்தது.

முத்துமாலை வந்து அமர்ந்தார். கருத்த, பெரிய உருவம். எதையும் நம்பாத முகம். சிவசங்கரன் தன் லேப்டாப்பைத் திறந்து, “நீங்களே ஒரு பேரு சொல்லுங்க” என்றார். தில்லைநாயகம் கண்ணை மூடிக்கொண்டார்.

“என் பேரையே போடும். கோடகன் கால்வா, கடைசி மடை. அந்த முறைதான் பக்கத்து வயக்காரனுக்கும் எனக்கும் எட்டு வருசமா தகராறு.”

ஒரு தட்டல். ஒரு விநாடி.

“புதன்கிழமை, சாயங்காலம் நாலு மணி.”

தலைவர் நாற்காலியை முன்னே இழுத்தார். “அது எங்கப்பா சொன்ன மணில்லா!” என்றார் மெதுவாக. “எங்கன இருந்துவே எடுத்தீரு?”

தில்லைநாயகம் கண்ணைத் திறந்தார். தன் திரையைப் பார்த்தார். நான்கு வட்டமும் சாம்பல். லேப்டாப்பைப் பார்த்தார். தலைவர் பெயர் பெயராகக் கேட்கக் கேட்க, அது பதில் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சிவசங்கரன் கேட்பதற்குள் தலைவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எல்லாரும் காப்பிக்கு எழுந்து போன பிறகும் தில்லைநாயகம் அசையவில்லை. சாம்பல் வட்டங்களுக்கு நேராகக் கைகூப்பி நின்றார். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

“பாத்தியா சாலோமி? தூங்கிக்கிட்டே பதில் சொல்லுதாரு! நான் என்ன புண்ணியம் பண்ணினேன்! சரி, நீயும் காலைல இருந்து என்னமோ சொல்ல வந்தியே, இப்பச் சொல்லு.”

சாலோமி சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

“நெசமா வேலை பாக்கதை நான் பஸ்ல வரும்போதே எழுப்பிட்டேன் அண்ணாச்சி, மூணு மாசமா நாந்தான் எழுப்புதேன், உங்ககிட்ட இருக்கது, உங்க மனசு சங்கடப்படக் கூடாதேன்னு சுப்ரஜாம்மா தனியா எடுத்துக் குடுத்த நகலு.”