கத்துவதற்கு ஒரு விண்ணப்பம்

ஒரு காட்டில், அரசு அலுவலகமும் அதன் முன்னால் வரிசையும் வந்துவிட்ட பிறகு, சிலம்பாயி என்றொரு ஆட்காட்டிக் குருவி வாழ்ந்தாள். புலி வந்தாலும் வேடன் வந்தாலும் முதலில் பார்ப்பவள் அவள்தான். பார்த்த கணமே “டிட்டிட்டீ! டிட்டிட்டீ!” என்று காடு அதிரக் கத்துவாள். மானும் முயலும் ஓடித் தப்பிக்கும்.

இதனால் எலும்பும் தோலுமாகிப்போனார் சிறுத்தையார். அவர்தான் அந்தக் காட்டின் உரிமைகள் துறை அமைச்சர்.

ஒருநாள் அவர் சிங்கராஜாவிடம் போய், “அரசே, நம் பிரஜைகளின் கத்தும் உரிமையை யாராவது பறித்துவிடுவார்களோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உடனே பாதுகாக்க வேண்டும்” என்றார். ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலையே சட்டம் வந்தது.

“செவந்தி, பார்த்தியா! எல்லா உயிருக்கும் கத்த உரிமை உண்டுன்னு முதல் வரியிலேயே போட்டிருக்கு!” என்று தன் தோழியான புள்ளிமானிடம் குதித்தாள் சிலம்பாயி.

“இரண்டாவது வரி என்னக்கா சொல்லுது?”

சிலம்பாயி படித்தாள். ஒவ்வொரு கத்தலுக்கும் முன் அனுமதி வேண்டும். மீறினால் அலகுக்குச் சீல்.

மறுநாள் காலை முதல் ஆளாக வரிசையில் நின்றாள். மேசைக்குப் பின்னால் தேவாங்கு குமாஸ்தா. அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மதியமாகிவிட்டது.

“எப்பம்மா கத்தப் போறீங்க?”

“சிறுத்தை வரும்போதுண்ணே.”

“தேதி, நேரம் போடணுமே.”

“அது சொல்லிட்டா வரும்?”

“அப்ப அதுகிட்ட ஒரு தடையில்லாச் சான்று வாங்கிட்டு வாங்க” என்று விண்ணப்பப் படிவத்தை நீட்டினார்.

அதை இறக்கைக்குள் செருகிக்கொண்டு சிலம்பாயி திரும்பி வந்தால், புல்வெளியில் செவந்தி மேய்ந்துகொண்டிருக்கிறாள். பக்கத்தில், பிறந்து மூன்றே நாளான குட்டி. பின்னால் புல் அசைகிறது. புல்லுக்குள் அமைச்சர்!

சிலம்பாயிக்குத் தொண்டை வரை கத்தல் வந்துவிட்டது. கத்தினால் சீல். அலகைக் கட்டிவிட்டால் தன் குஞ்சுகளுக்கு எப்படி ஊட்டுவது? கத்தாவிட்டால் செவந்தியின் குட்டி? தவித்துப்போய்ப் படிவத்தை உருவி மேலும் கீழும் பார்த்தாள். அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் ஒரு வரி: ‘ஆட்சேபம் உள்ளவர்கள் காதில் விழும்படி, விண்ணப்பதாரர் இதனை உரக்கப் படிக்க வேண்டும்.’

சிலம்பாயி பாறை மேல் ஏறினாள்.

“பெறுநர்! உயர்திரு அதிகாரி அவர்கள்! கத்த விரும்பும் இடம்: இங்கேதான்! நேரம்: இப்பவே! இப்பவே! காரணம்: சிறுத்தை ஐயா செவந்திக்குப் பின்னால் பத்தடியில் பதுங்கியிருக்கிறார்! எட்டடி! ஆறடி!”

செவந்தியும் குட்டியும் பறந்தே போனார்கள். பாய்ந்த அமைச்சர் வாயில் ஒரு கவளம் புல்தான் மிஞ்சியது.

“சட்டவிரோதம்!” என்று துப்பினார் அவர்.

“நான் எங்கே கத்தினேன் ஐயா? அனுமதிதானே கேட்டேன். ஆட்சேபம் இருந்தா எழுதிக் கொடுங்க, மூணு நகல்.”

விஷயம் காடு முழுக்கப் பரவியது. மயில் விண்ணப்பித்தது, குரங்குகள் கூட்டாக விண்ணப்பித்தன, இதுவரை வாயே திறக்காத ஆமைகூட ஒரு படிவம் கேட்டது. தேவாங்கு அத்தனையையும் நிராகரித்தார். நிராகரித்தால் மேல்முறையீடு உண்டு. அதை இரண்டு மடங்கு உரக்கப் படிக்க வேண்டும்.

ஆண்டு முடிவில் சிங்கராஜா காதில் இலவம்பஞ்சை அடைத்துக்கொண்டு அறிக்கை வெளியிட்டார்: “இவ்வாண்டு ஒரு கத்தலுக்குக்கூட அனுமதி தரப்படவில்லை. காட்டில் பூரண அமைதி நிலவுகிறது.” அமைதியைக் காத்ததற்காகச் சிறுத்தையாருக்குப் பதக்கம் கிடைத்தது. பசியில் அதையும் கடித்துப் பார்த்தார்.

நீதி: கத்த அனுமதி கிடைக்குமா என்று கவலைப்படாதீர்கள், கேட்கும்போதே கத்தி முடித்துவிடுங்கள், நிராகரிக்கும் வேலையை அரசு பார்த்துக்கொள்ளும்.