குகைக்குள் மங்கிய சிவப்புப் புள்ளி

ஒரு காட்டில், வெயில் நன்றாக விழும் பாறைச் சரிவு ஒன்று இருந்தது. அங்கே மட்டும்தான் இளம்புல் முளைக்கும். அதனால் முயல்கள் அங்கே மேய வந்தன. முயல்கள் வந்ததால் ஒரு கழுதைப்புலியும் வந்தது.

முயல்களைக் காக்கப் பூவாயி என்ற மந்தியைக் காவலுக்குப் போட்டிருந்தார்கள். சரிவுக்கு எதிரே ஒரு குகை. அதன் வாயிலுக்குச் சற்று உள்ளே, குளிர்ந்த கல்லின் மேல், உண்டிவில்லோடு அவள் உட்கார்ந்திருப்பாள். உண்டிவில்லின் மேல் ஒரு சின்னக் கண்ணாடி பொருத்தியிருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் சிவப்புப் புள்ளி ஒன்று ஒளிரும். புள்ளி எதன் மேல் நிற்கிறதோ, கல் அங்கே போய் விழும்.

கண்ணாடியின் பக்கத்தில் ஒரு திருகு இருந்தது. வெளியே வெயில் ஏறினால் அதைத் திருகிப் புள்ளியைக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சத்தில் புள்ளி தெரியாது. மேகம் மூடினால் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் புள்ளி பளீரென்று எரிந்து எதிரே நிற்பதையே மறைத்துவிடும். பூவாயிக்கு இருந்த வேலை இவ்வளவுதான். அதுவே அவளுக்குப் பாரமாக இருந்தது.

காட்டின் தலைவர் மகாதந்தர் என்ற யானை. அவரிடம் போய் முறையிட்டாள்.

"ஐயா, பேன் பார்க்கிற கையை எடுத்து எடுத்துத் திருக வேண்டியிருக்கு. விரலெல்லாம் வலிக்குது."

மகாதந்தர் இரக்க குணம் உள்ளவர், குறிப்பாகத் தன்னிடம் வேலை பார்ப்பவர்கள் மேல். புதுக் கண்ணாடி ஒன்றை வரவழைத்தார். அதில் ஒரு சென்சார் இருந்தது. அது வெளிச்சத்தைத் தானே பார்த்து, புள்ளியைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். திருகே கிடையாது.

சோதித்துப் பார்க்கும் பொறுப்பு கூர்விழியார் என்ற ஆந்தையிடம் போனது. அவர் கண்ணாடியைத் தன் மரப்பொந்துக்குள் கொண்டுபோய், பொந்தின் பின்சுவரைக் குறிபார்த்தார். இவர் பக்கமும் இருட்டு, சுவரிலும் இருட்டு. புள்ளி மிக அழகாகத் தெரிந்தது. "எந்த வெளிச்சத்துக்கும் ஏற்றது" என்று சான்று கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார்.

கண்ணாடிக்கு மாலை போட்டார்கள். மகாதந்தர் தும்பிக்கையால் ரிப்பனை அறுத்தார். முயல்களும் கைதட்டின. தும்பை என்ற தாய் முயல் தன் குட்டிகளிடம், "இனிமே பயமில்லாம மேயலாம்" என்று சொன்னாள்.

அடுத்த நாள் உச்சிவேளையில் கழுதைப்புலி வந்தது. அது முதலில் பதுங்கித்தான் வந்தது. பூவாயியின் கல்லை ஏற்கெனவே முதுகில் வாங்கியிருக்கிறது. பூவாயி உண்டிவில்லைத் தூக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சரிவு வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. கழுதைப்புலி தெளிவாகத் தெரிந்தது. புள்ளியைத்தான் காணவில்லை. சென்சார் பார்த்தது சரிவின் வெயிலை அல்ல, அது இருந்த குகையின் இருட்டை. இருட்டுக்கு எவ்வளவு போதுமோ அவ்வளவுக்குப் புள்ளியை மங்கவைத்துவிட்டது.

பூவாயி குத்துமதிப்பாக விட்ட கல் ஒரு கரையான் புற்றில் போய் விழுந்தது. கழுதைப்புலி நின்று அந்தப் புற்றைப் பார்த்தது. பிறகு நிமிர்ந்து நடந்துபோய்த் தும்பையின் மூத்த குட்டியைக் கவ்விக்கொண்டு போனது.

தும்பை அழுதுகொண்டே சபைக்குப் போனாள். கூர்விழியாரை எழுப்பிக் குகைக்குக் கூட்டிவந்தார்கள். அவர் குகையில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தார்.

"கருவியில எந்தக் குறையும் இல்லையே. குகை இருட்டா இருக்கு, புள்ளியும் மங்கலா இருக்கு. சரியாத்தான் அளந்திருக்கு."

"என் பிள்ளை வெயில்லதானே ஐயா நின்னுச்சு?" என்றாள் தும்பை.

"அது உன் பிள்ளை முடிவு பண்ணது. அதுக்குக் கண்ணாடி என்ன பண்ணும்?"

தும்பை பூவாயியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க வெளியே வந்து வெயில்ல உட்காருங்களேன். அப்ப புள்ளி தானே கூடிடுமே."

பூவாயிக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மா, உங்க பிள்ளைங்களுக்காக நான் கருகிச் சாகணுமா?"

மகாதந்தர் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்ய விரும்பினார். காவலர் வெயிலில் உட்கார வேண்டும், ஆனால் அவருக்கு ஒரு குடை தரப்படும் என்று உத்தரவிட்டார். தேக்கிலையில் பெரிய குடை ஒன்று தயாரானது. பூவாயி அதன் கீழே உட்கார்ந்தாள். கண்ணாடியும் அதன் கீழேதான் இருந்தது.

கழுதைப்புலி இந்தமுறை பதுங்கவே இல்லை. தும்பையின் நடுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு, குடைக்குப் பக்கமாகவே நடந்துபோனது. பூவாயி கண்ணாடியைத் தட்டினாள், துடைத்தாள், ஊதிப் பார்த்தாள். புள்ளி வரவில்லை.

தும்பை மறுபடியும் சபைக்கு வந்தபோது அவளிடம் அழுகை இல்லை. மிச்சமிருந்த கடைக்குட்டியை முன்காலுக்குள் அணைத்தபடி நின்றாள்.

கூர்விழியார் இந்தமுறை தீர்வோடு வந்திருந்தார். "கண்ணாடி இருக்கிற இடமும் முயல் இருக்கிற இடமும் ஒரே வெளிச்சத்துல இருந்தா பிரச்சினையே வராது. அதனால முயல்கள் இனிமே நிழல்லதான் மேயணும்."

"நிழல்ல புல் முளைக்காதே ஐயா" என்றாள் தும்பை.

"அது புல்லோட குறை. கருவி மேல போடாதே."

மகாதந்தர் யோசித்தார். "புல்லுக்கும் ஒரு உத்தரவு அனுப்பிடலாம்" என்றார். சபை கலைந்தது.

முயல்கள் நிழலில் உட்கார்ந்து பார்த்தன. சருகைத் தின்றன. குட்டிகளின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும், தும்பை எழுந்து ஆற்றுப் பக்கமாக நடந்தாள். மற்ற முயல்களும் அவள் பின்னால் போயின. ஆற்றின் நடுவில் ஒரு கல்லில் நின்று அவள் திரும்பிப் பார்த்தாள். சரிவில் புல் பச்சையாக அசைந்துகொண்டிருந்தது. கடைக்குட்டி, "அங்க யாரும்மா இருக்கா?" என்று கேட்டது. "யாருமில்லை, வா" என்று சொல்லி அதை அக்கரைக்குக் கூட்டிப்போனாள்.

கழுதைப்புலி வந்தது. வெறும் சரிவைச் சுற்றிச் சுற்றி மோந்தது. சலித்துப்போய் அதுவும் வேறு காட்டுக்குப் போய்விட்டது.

ஆண்டு விழாவில் மகாதந்தர் எழுந்து பேசினார். "புதிய கண்ணாடி வந்த பிறகு கழுதைப்புலி இந்தக் காட்டை விட்டே ஓடிவிட்டது. இன்றைக்கு நம் காட்டில் ஒரு முயலுக்குக்கூட ஆபத்தில்லை." கூர்விழியாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மேடையிலேயே தூங்கினார். பூவாயிக்குப் பதவி உயர்வும் குகைக்குள் மெத்தையும் கிடைத்தன. எதிரே முயலும் இல்லை, கழுதைப்புலியும் இல்லை. இரண்டு கைகளாலும் நிம்மதியாகப் பேன் பார்த்தாள்.

நீதி: காவல் குறையின்றி நடக்க வேண்டுமானால், காக்கப்பட வேண்டியவர்கள் முதலில் ஊரைக் காலிசெய்துகொண்டு போக வேண்டும்.